தகைவிலான்: இருபது கிராமில் ஓர் அதிசயம்

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் தஞ்சை வயல்வெளிகளிலோ செங்கல்பட்டு ஏரிக்கரைகளிலோ போகிறவர்கள் மின்கம்பிகளை ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். வரிசையாகச் சிறு குருவிகள் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருக்கும். ஏதோ குருவி என்று நினைத்துக் கடந்துபோய்விடுகிறோம். அவை தகைவிலான்கள். இமயமலைச் சரிவுகளிலிருந்தும், அதற்கும் வடக்கே உள்ள ஆசிய நாடுகளிலிருந்தும் குளிருக்குத் தப்பி நம் ஊருக்கு வந்தவை. பங்குனி, சித்திரை வரை நம்மோடு இருந்துவிட்டுத் திரும்பிப் போகும்.

வலசை போகும் பறவைகள் உலகில் எத்தனையோ உண்டு. அவற்றுள் தகைவிலானின் கதை தனியானது. மலையையும் கடலையும் பாலைவனத்தையும் தாண்டிப் போய்த் திரும்பும் அறிவை இறைவன் அதன் சின்னஞ்சிறு தலைக்குள் வைத்தான். அது கூடு கட்டும் இடத்தை மட்டும் மனிதனின் கூரைக்கு அடியில் வைத்தான். அதனால்தான் இந்தப் பறவையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் படைத்தவனைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது, நம்மைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

உருவத்தின் அழகு

அலகிலிருந்து வால் நுனி வரை அளந்தால் தகைவிலான் 17 முதல் 19 சென்டிமீட்டர். அதில் கணிசமான பங்கு வாலுக்கே போய்விடும். எடை 16 முதல் 24 கிராம். உள்ளங்கையில் வைத்தால் ஒரு சிறு எலுமிச்சம்பழத்தின் கனம்கூட இருக்காது. முதுகு முழுவதும் கருநீலம். வெயில் படும்போது அதில் உலோகப் பளபளப்பு ஓடும். நெற்றியும் தொண்டையும் செங்காவி நிறம். அந்தச் சிவப்புக்குக் கீழே மார்பின் குறுக்கே ஒரு கரிய பட்டை. வயிறு வெளுப்பு. வால் ஆழமாகப் பிளவுபட்டு, இரு ஓரத்து இறகுகளும் மெல்லிய இழைகளாக நீண்டிருக்கும். பறக்கும்போது வாலை விரித்தால் அதன் குறுக்கே வெண்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். இளம் பறவைகளுக்கு நிறம் மங்கல், வாலும் குட்டை.

பனைமரங்களைச் சுற்றிப் பறக்கும் உழவாரன் குருவியைப் பலர் தகைவிலான் என்று எண்ணிக்கொள்வார்கள். இரண்டும் பறந்தபடியே பூச்சி பிடிப்பவைதான். ஆனால் உழவாரனின் கால் கம்பியில் உட்கார உதவாது. கம்பியில் வரிசையாக அமர்ந்திருந்தால் அது உழவாரன் அல்ல என்று துணிந்து சொல்லலாம்.

அந்த நீண்ட வாலிழைகள் வெறும் அலங்காரமா என்ற கேள்விக்கு டென்மார்க்கில் ஒருவர் விடை தேடினார். ஆண்டர்ஸ் மோலர் என்ற உயிரியலாளர் சில ஆண் பறவைகளின் வாலிறகுகளை ஒட்டி நீளமாக்கினார், சிலவற்றைக் குட்டையாக்கினார். நீண்ட வால் பெற்ற ஆண்களுக்கு இணை சீக்கிரம் கிடைத்தது. அவை அந்தப் பருவத்தில் அதிகமான குஞ்சுகளையும் வளர்த்தன. 1988இல் இந்த முடிவுகள் வெளியாயின. வாலின் நீளத்தைப் பார்த்தே பெண் பறவை தன் குஞ்சுகளுக்கு உரிய தந்தையைத் தேர்ந்துகொள்கிறது. சில சென்டிமீட்டர் இறகில் ஒரு பறவையின் உடல்நலம் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது என்றால், அதை எழுதியவனின் நுட்பத்தை என்ன சொல்வது!

காற்றே களம்

தகைவிலானின் உணவு பறக்கும் பூச்சிகள். ஈ, கொசு, சிறு வண்டு, ஈசல், அசுவினி என எல்லாவற்றையும் காற்றிலேயே பிடித்துக் காற்றிலேயே விழுங்கிவிடும். தண்ணீர் குடிப்பதும் பறந்தபடிதான். ஏரியின் மேல் தாழப் பறந்து கீழலகால் நீரைத் தொட்டு அள்ளிக்கொண்டு மேலேறும். குளிப்பதும் அப்படியே, ஒரு கணம் நீரில் உடம்பை நனைத்து எழுந்துவிடும். தரையில் அது இறங்குவது அரிது, பெரும்பாலும் கூட்டுக்குச் சேறு எடுக்கத்தான்.

இந்த வாழ்க்கைக்கு ஏற்றபடியே ஒவ்வோர் உறுப்பும் அமைந்திருக்கிறது. அலகு பார்க்கச் சிறியது. வாயைத் திறந்தால் முகத்தின் அகலம் முழுவதும் திறக்கும். பெரும்பாலான பறவைகளின் கண்ணில் கூர்பார்வைக்கு ஒரு குழிவுதான் உண்டு. தகைவிலான் இனத்துக்குப் பருந்துகளைப் போல ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு. பக்கவாட்டில் பார்க்க ஒன்று, பாய்ந்து பிடிக்கும்போது முன்னால் பார்க்க ஒன்று. எலும்புகள் இலேசானவை. மூச்சு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நுரையீரலுக்குள் புதிய காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும்படி காற்றுப் பைகள் உடம்பெங்கும் அமைந்திருக்கின்றன. நாள் முழுவதும் சிறகடிக்கும் உயிருக்கு இதைவிடப் பொருத்தமான மூச்சு வேறில்லை.

வயல் உழும்போதும் கதிர் அறுக்கும்போதும் மாடுகள் மேயும்போதும் புல்லிலிருந்து பூச்சிகள் கிளம்பும். அதை அறிந்து தகைவிலான்கள் அங்கே கூடும். டிராக்டரின் பின்னால் முழங்கால் உயரத்தில் அவை வளைந்து வளைந்து பறப்பதை நம் உழவர்கள் பார்த்திருப்பார்கள். கூலி கேட்காமல் வயலைக் காக்க அனுப்பப்பட்ட வேலையாட்கள் அவை.

பாட்டிலும் குறைவில்லை. மெல்லிய குரலில் இடைவிடாமல் கொஞ்சிக்கொண்டே போய், முடிவில் ஒரு கரகரப்பான சுருதியில் ஆண் பறவை பாட்டை நிறுத்தும். பாடும் பறவைகளின் குரலுறுப்பு மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது. அதன் இரு பக்கமும் தனித்தனியே ஒலியெழுப்ப வல்லவை. நமக்கு அப்படிப்பட்ட வசதி கிடையாது.

சேற்றில் எழும் வீடு

மனிதன் வீடு கட்டத் தொடங்குவதற்கு முன் தகைவிலான்கள் குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் கூடு வைத்தன. மனிதன் சுவர் எழுப்பிக் கூரை போட்டதும் அவை அவனோடு குடிவந்துவிட்டன. இன்று அவற்றின் கூடுகளை மாட்டுத் தொழுவங்களிலும் பாலங்களின் அடியிலும் வீட்டு முகப்புகளிலும்தான் காண முடியும். இயற்கையான பாறையில் காண்பது மிக அரிது. காஷ்மீரில் கடைகளுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் உத்தரத்தை ஒட்டி அவை கூடு கட்டுகின்றன. ஜப்பானில் தகைவிலான் கூடு வைத்த வீட்டுக்கு நல்லது நடக்கும் என்று நம்புகிறார்கள். எச்சம் கீழே விழாமலிருக்கக் கூட்டுக்கு அடியில் ஒரு பலகையை மாட்டிவிட்டு, பறவையை அதன் போக்கில் விட்டுவிடுகிறார்கள். எருசலேம் ஆலயத்தின் பலிபீடங்களின் அருகே தகைவிலான் கூடு கண்டதை விவிலியத்தின் 84ஆம் சங்கீதம் பாடுகிறது. ஆண்டவனின் வீடும் அடியவனின் வீடும் அதற்கு ஒன்றுதான்.

கூடு கட்டும் வேலையை ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்கின்றன. குட்டையின் ஓரத்தில் இறங்கி, அலகில் கொள்ளும் அளவு சேற்றை உருட்டி எடுத்துவந்து சுவரில் அப்பும். அடுத்த நடை அதன் பக்கத்தில். நடுநடுவே புல்லும் வைக்கோலும் வைத்துப் பூசும். அரைக் கிண்ண வடிவில் கூடு முடிவதற்குள் ஆயிரம் உருண்டைகளுக்கு மேல்கூடப் போய்விடும். உள்ளே இறகுகளைப் பரப்பி மெத்தையாக்கும். கயிறும் இல்லை, ஆணியும் இல்லை. செங்குத்துச் சுவரில் ஒட்டிய அந்தச் சேற்றுக் கிண்ணம் ஒரு குடும்பத்தையே தாங்குகிறது. மறு ஆண்டு திரும்பி வரும் பறவை பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்து, சிதைந்ததைப் பூசிச் செப்பனிட்டு மீண்டும் குடியேறும்.

நாளுக்கு ஒன்றாக நான்கைந்து முட்டைகள். வெள்ளை ஓட்டில் செம்புள்ளிகள். ஒவ்வொன்றும் இரண்டு கிராமுக்கும் குறைவு. இரண்டு வாரத்துக்கு மேல் அடைகாத்தால் கண் திறவாத, இறகில்லாத குஞ்சுகள் வெளிவரும். அதன்பின் பெற்றோருக்கு ஓய்வே கிடையாது. பிடித்த பூச்சிகளைத் தொண்டையில் ஓர் உருண்டையாகச் சேர்த்துக் கொண்டுவந்து ஊட்டும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான நடைகள். குஞ்சுகளின் எச்சம் ஒரு மெல்லிய சவ்வுப் பையில் வெளிவருவதால், பெற்றோர் அதை அலகில் கவ்விப் போய் வெளியே போட்டுவிட்டு வரும். கூட்டின் சுத்தத்துக்குக்கூட வழி வைத்திருக்கிறான் படைத்தவன். ஏறத்தாழ மூன்று வாரத்தில் குஞ்சுகள் பறந்துவிடும். பெற்றோர் உடனே அடுத்த ஈட்டுக்குத் தயாராகும். சில வேளைகளில் முதல் ஈட்டுக் குஞ்சுகளே தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்ட உதவுவதையும் கண்டிருக்கிறார்கள்.

காணாமல் போகும் பறவை

கோடை முடிந்ததும் தகைவிலான்கள் எங்கே மறைகின்றன என்பது ஐரோப்பியர்களுக்கு நெடுங்காலம் விளங்காத மர்மமாக இருந்தது. அவை இறகு உதிர்ந்து பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கும் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். சுவீடன் நாட்டுப் பேராயர் ஓலாஸ் மாக்னஸ் 1555இல் வெளியிட்ட நூலில், ஏரித் தண்ணீருக்கு அடியிலிருந்து மீனவர்கள் தகைவிலான்களை வலைபோட்டு இழுப்பதாக ஒரு படமே இருக்கிறது. உள்ளங்கை அளவுப் பறவை பூமியின் மறுபாதிக்குப் போய்வரும் என்பதைவிட, அது நீருக்குள் தூங்குகிறது என்று நம்புவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. உண்மை அவர்களுடைய கற்பனையைவிடப் பெரிதாக இருந்தது.

விடை ஒரு சிறு உலோக வளையத்தில் கிடைத்தது. 1911 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் சீடில் என்ற ஊரில் ஜான் மேஸ்ஃபீல்ட் என்ற வழக்கறிஞர், தம் வீட்டு முகப்பில் கூடு வைத்திருந்த தகைவிலானின் காலில் எண் பொறித்த வளையம் ஒன்றை மாட்டினார். 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நட்டால் மாகாணத்தில், உட்ரெக்ட் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் அதே வளையத்தோடு அந்தப் பறவை பிடிபட்டது. பண்ணையிலிருந்து போன கடிதம் லண்டனை எட்டியபோது பல நூற்றாண்டுக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பிரான்ஸ், ஸ்பெயின், மொராக்கோ, சகாரா பாலைவனம், மத்திய ஆப்பிரிக்கக் காடுகள் எல்லாவற்றையும் தாண்டி ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் பயணம். இதை அவை ஆண்டுக்கு இருமுறை செய்கின்றன.

இரவில் பறந்து பகலில் இளைப்பாறும் சிறு பறவைகள் பல. தகைவிலான் பெரும்பாலும் பகலில் பறக்கிறது, பறந்துகொண்டே உண்கிறது. பூச்சி கிடைக்காத சகாராவுக்கு முன்னால் மட்டும் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. எங்கே உணவு கிடைக்காது என்பதைப் பயணத்துக்கு முன்பே அதன் உடல் அறிந்திருக்கிறது.

வழி சொல்வது யார்?

சில வாரங்களுக்கு முன்புதான் கூட்டை விட்டு வெளிவந்த குஞ்சு, தான் ஒருபோதும் கண்டிராத நாட்டை நோக்கிப் புறப்படுகிறது. அதற்கு வழி தெரிவது எப்படி? வலசை போகும் பாடும் பறவைகள் பலவற்றை வைத்து நடந்த ஆய்வுகள் மூன்று துணைகளைக் காட்டுகின்றன. ஒன்று சூரியன். இரண்டாவது விண்மீன்கள். 1960களில் அமெரிக்காவில் ஸ்டீபன் எம்லன் கோளரங்கத்தின் செயற்கை வானத்தின் கீழ் பறவைகளை வைத்து, வடதுருவத்தைச் சுற்றியுள்ள விண்மீன்களைக் கொண்டு அவை திசை அறிவதை நிறுவினார். மூன்றாவது பூமியின் காந்தப்புலம். ஜெர்மனியில் வில்ட்ஷ்கோ தம்பதியர் ராபின் பறவைகளைக் கொண்டு அதை விளக்கினார்கள். ராபினின் விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம் 4 என்ற புரதம் ஆய்வுக்கூடச் சோதனையில் காந்தப்புலத்துக்கு ஏற்ப மாற்றம் காட்டியதை 2021இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. பூமியின் காந்தத்தைக் கண்ணாலேயே உணரும் வழி பறவைக்கு இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அறிவியல் எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் வியப்பு வற்றவில்லை. ஊற்று பெருகத்தான் செய்கிறது.

இந்த அறிவு கல்லில் பொறித்தது போல மாறாததும் அல்ல என்பதற்கு அர்ஜென்டினாவில் ஒரு சாட்சி இருக்கிறது. வட அமெரிக்கத் தகைவிலான்கள் குளிர்காலத்தில் தென் அமெரிக்காவுக்கு வந்து, கூடு கட்ட வடக்கே திரும்புபவை. 1980இல் பியூனஸ் அயர்ஸ் மாகாணத்தில் ஒரு பாலத்தின் அடியில் ஒரு சில ஜோடிகள் அங்கேயே கூடு கட்டியதைக் கண்டார்கள். அந்தச் சிறு தொடக்கம் பின்னர் பல்லாயிரமாகப் பெருகியது. ஆய்வாளர் டேவிட் விங்க்லர் குழுவினர் அவற்றின் மேல் நுண்ணிய கருவிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, அவை இப்போது தம் குளிர்காலத்தைக் கழிக்கத் தென் அமெரிக்காவின் வடபகுதிக்குப் போகின்றன. கூடு கட்டும் காலமும் இறகு உதிர்க்கும் காலமும் ஆறு மாதம் இடம் மாறிவிட்டன. சில தலைமுறைகளுக்குள் ஒரு பறவை தன் உடலின் நாள்காட்டியையே திருப்பி வைத்துக்கொண்டது. மாறுவதற்கும் இடம் வைத்துப் படைத்தவன், தன் படைப்பை எவ்வளவு நேசித்திருக்க வேண்டும்!

வந்த இடத்தில்

குளிர்கால நாடுகளில் தகைவிலான்கள் பகலெல்லாம் பரவி இரை தேடி, அந்தி சாயும்போது ஓரிடத்தில் கூடும். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகருக்கு அருகே மவுண்ட் மோர்லாண்ட் என்ற இடத்து நாணல் புதரில் இருபது, முப்பது லட்சம் பறவைகள் இரவு தங்கியதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதன் பக்கத்தில்தான் 2010இல் கிங் ஷாகா விமான நிலையம் திறக்கப்பட்டது. நாணலை அழித்துவிடாமல், பறவைக் கூட்டத்தின் நடமாட்டத்தைக் கவனிக்க ராடார் வைத்தார்கள். பாங்காக்கின் சிலோம் சாலையிலும், மலேசியாவில் பகாங் மாநிலத்துப் பெந்தோங் நகரிலும் கடைவீதியின் மின்கம்பிகளே அவற்றுக்குப் படுக்கையாக இருந்திருக்கின்றன. நம் நாட்டில் ஏரிகளிலும் கழிவெளிகளிலும் உள்ள நாணலும் சம்பும் அவற்றுக்கு இரவில் இடம் தருகின்றன.

இந்த மாதங்களில்தான் அவை பழைய இறகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்துப் புதியவை முளைக்கச் செய்கின்றன. நம் வயல் பூச்சிகளை உண்டு முளைத்த சிறகுகள்தான் அவற்றை வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

நம்மிடம் விட்ட பங்கு

பயணத்துக்கு வேண்டிய அடிப்படை அறிவைத் தகைவிலான் பிறக்கும்போதே பெற்று வருகிறது. ஆனால் சுவர், சேறு, பூச்சி, நாணல் ஆகிய நான்கையும் பூமியில்தான் தேட வேண்டும். அந்த நான்கும் இன்று மனிதன் கையில் இருக்கின்றன. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் தகைவிலான்கள் குறைந்து வருகின்றன. திறந்த தொழுவங்கள் மூடிய கட்டடங்களாகிவிட்டன. பூச்சிக்கொல்லி தெளித்த வயலில் பறக்க ஒரு கொசுகூட இல்லை. முகப்பு அழுக்காகிறது என்று குஞ்சோடு கூட்டைத் தட்டிவிடுகிறவர்களும் உண்டு. நம் பக்கத்தில் ஏரிகளைத் தூர்த்து மனை போடுகிறோம். நாணலைக் குப்பையென்று எரிக்கிறோம்.

மனிதன் மனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1974 இலையுதிர் காலத்தில் மத்திய ஐரோப்பாவில் குளிர் முந்திக்கொண்டு வந்து பூச்சிகள் ஒடுங்கிவிட்டன. தெற்கே புறப்பட முடியாமல் தகைவிலான்கள் பசியால் சுருண்டு விழுந்தன. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பொதுமக்கள் அவற்றைப் பொறுக்கியெடுத்துப் பெட்டிகளில் வைத்தார்கள். லட்சக்கணக்கான பறவைகளை விமானத்திலும் ரயிலிலும் ஏற்றி ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே கொண்டுபோய்ப் பறக்கவிட்டார்கள். தம் கூரையில் குடியிருந்தவனுக்கு ஆபத்து என்றதும் வீட்டுக்காரன் செய்த உதவி அது.

நம்மிடம் அவ்வளவு பெரிய காரியத்தை யாரும் கேட்கவில்லை. இந்த மழைக்காலத்தில் உங்கள் ஊர்க் கம்பியில் அவை வந்து அமரும்போது குழந்தைகளை அழைத்துக் காட்டுங்கள். செந்தொண்டையையும் பிளந்த வாலையும் அடையாளம் சொல்லிக்கொடுங்கள். ஊர் ஏரியின் நாணலுக்குத் தீ வைப்பவரைத் தடுத்துப் பேசுங்கள். வயலில் தேவைக்கு மீறி மருந்தடிக்காதீர்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வலசை போகாத மலைத் தகைவிலான் என்ற உறவினமும் இருக்கிறது. மற்ற ஊர்களில் செம்பிட்டத் தகைவிலானும் கம்பிவால் தகைவிலானும் இங்கேயே குஞ்சு பொரிக்கின்றன. அவை உங்கள் வீட்டுச் சுவரிலோ பாலத்தடியிலோ கூடு வைத்தால் குஞ்சு பறக்கும்வரை கைவைக்காதீர்கள். இறைவன் அனுப்பிய விருந்தாளியின் வீட்டை இடிக்க நமக்கு உரிமை கிடையாது.